பழைய சுவிட்சும் புதிய வண்டியும்

மழை பெய்யும் இரவில் காரோட்டிச் செல்பவர் தம் கண்ணை மட்டும் நம்பிச் செல்வதில்லை. கண்ணுக்கு முன்னே ஒரு கண்ணாடி இருக்கிறது. அக்கண்ணாடியின்மேல் விழும் நீரை வழித்துத் தள்ள வைப்பர் என்னும் துடைப்புக் கோல்கள் இருக்கின்றன. அக்கோல்களை ஆட்டுவதற்கு ஒரு சிறு மோட்டாரும், அம்மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிட ஒரு சுவிட்சும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று தவறினும் ஓட்டுபவர் கண்ணிருந்தும் காணாதவர் ஆவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், மூன்று நொடிகளில் 50 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். அந்த 50 மீட்டருக்குள் எதிரே என்ன வருகிறது என்பதை அவர் அறியமாட்டார்.

தொழிற்சாலையில் செய்யப்பட்ட காரை வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்காகப் பொறியாளர் பலர் முன்னரே சிந்தித்து வைத்திருக்கின்றனர். ஆயின், தம் காரைத் தாமே பூட்டிக்கொள்ளும் மனிதரும் உலகில் உண்டு. அவர்களுக்கு அச்சிந்தனை முழுவதும் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது.

இவ்வாறு உறுப்புகளாக வாங்கி, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் வண்டியைக் கிட் கார் என்பர். இது இங்கிலாந்தில் மிகவும் தழைத்தது. அதற்கு ஆர்வம் ஒரு காரணம். வரி மற்றொரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டில் முழுமையான காருக்குக் கொள்முதல் வரி உண்டு. தனித்தனி உறுப்புகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. காலின் சாப்மன் என்பார் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957-ஆம் ஆண்டில் ‘செவன்’ என்னும் சிறு காரை வெளியிட்டது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டமும், அதன்மேல் போர்த்திய அலுமினியத் தகடுமாக இருந்த அவ்வண்டியைப் பலர் உறுப்புகளாகவே வாங்கித் தத்தம் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டனர். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதற்காக, வண்டியைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தனர் என்றும், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முதல்வரை படித்துக்கொண்டார் என்றும் ஒரு வேடிக்கைக் கதை வழங்கி வருகிறது. 1973-ஆம் ஆண்டில் வரிமுறை மாறியபோது இந்தச் சலுகை மறைந்தது. ஆனால், பூட்டும் ஆசை மறையவில்லை. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் என்னும் நிறுவனம் செவன் காரைச் செய்யும் உரிமையை ஏற்றுக்கொண்டது.

கிட் கார்களுள் பல, பழங்காலக் கார்களின் உருவில் அமைந்தவை. நீண்ட மூக்கும், தனித்து நிற்கும் சக்கரக் காப்புகளும், தாழ்ந்த முன்கண்ணாடியும் அவற்றின் அடையாளங்கள். இத்தகைய வண்டியின் டாஷ்போர்டில் இக்காலத்துப் பிளாஸ்டிக் பொத்தான்களை வைத்தால், தேர்ச் சிற்பங்களுக்கு நடுவே தகரப் பலகையை அறைந்ததுபோல் இருக்கும். ஆகவே, பூட்டுபவர் பழஞ்சாமான் கடைகளிலும் சந்தைகளிலும் அலைந்து, 1950-களைச் சேர்ந்த சுவிட்சுகளைத் தேடி எடுக்கின்றனர். பித்தளைக் கழுத்தும், மேலும் கீழும் தட்டும் சிறு நெம்புகோலும் உடையவை சில. பேக்கலைட்டுக் குமிழை இழுத்தால் விளக்கு எரியும்படி அமைந்தவை சில. இந்த ஆசையில் குற்றம் இல்லை. அழகிய பொருளைப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால், எடுத்த பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய சுவிட்சை எளிய பொருளென்று இகழ்தல் கூடாது. தட்டியவுடன் ‘டக்’கென்று ஒலி எழுகிறதே, அவ்வொலிக்குப் பின்னே ஓர் அறிவு இருக்கிறது. மின்னோட்டம் செல்லும் இரு முனைகளை மெல்லப் பிரித்தால், இடையிலுள்ள காற்றின் வழியே நெருப்புப் பொறி நீண்டு நின்று முனைகளைத் தீய்க்கும். கார்ப் பாட்டரியில் இருப்பதுபோன்ற நேர்மின்னோட்டத்தில் இப்பொறி எளிதில் அணைவதில்லை. 1884-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பார் இதற்கு வழி கண்டார். விரல் எவ்வளவு மெல்லத் தள்ளினாலும், உள்ளிருக்கும் வில் ஒரு நிலைக்குப்பின் தானே துள்ளி முனைகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிக்கும்படி அமைத்தார். விரலின் வேகம் வேறு, முனையின் வேகம் வேறு என்று ஆக்கியதே அவர் செய்த நுட்பம். அந்த நுட்பத்தின் வழிவந்ததே இந்த ‘டக்’ ஒலி.

எனினும், வில் எவ்வளவு நன்றாகத் துள்ளினும் முனைகள் மூப்படைகின்றன. அறுபது எழுபது ஆண்டுகளில் அவற்றின்மேல் களிம்பு படிகிறது, தறைகள் தளர்கின்றன. களிம்பு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. இத்தடையின் அளவு மிகச் சிறியதாகவே தோன்றும். விளைவோ சிறியது அன்று. ஒரு பழைய சுவிட்சின் முனையில் 0.2 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். இக்காலத்து ஹாலஜன் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பவை. அம்மின்னோட்டம் அத்தடையைக் கடக்கும்போது 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது. 12 வோல்ட்டுப் பாட்டரியில் இரண்டு போனால் விளக்கு மங்கிவிடும். அம்மட்டுமன்று, அச்சிறு முனையில் 20 வாட்டு வெப்பம் தோன்றுகிறது. பொத்தான் அளவுள்ள இடத்தில் இவ்வளவு வெப்பம் தங்கினால், முதலில் பேக்கலைட்டு மணக்கும். பிறகு கம்பியின் உறை உருகும். அந்தச் சுவிட்சு தான் பிறந்த காலத்தில் தாங்கிய விளக்குகளோ இவற்றினும் சிறியவை.

ஆதலின், பழைய சுவிட்சைப் பொருத்துமுன் அதை அளந்து பார்ப்பதே முறை. ஓம்மானியின் இரு முனைகளையும் சுவிட்சின் ஆணிகளில் வைத்து, பலமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முள் ஏறத்தாழச் சுழியில் நின்றால் நன்று. ஒருமுறை ஒன்றும் மறுமுறை மற்றொன்றும் காட்டினால் முனைகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். களிம்பை அதற்குரிய திரவத்தால் கழுவி நீக்கலாம். அரத்தால் தேய்த்தல் தகாது. முனையின் மேற்பூச்சுப் போனால் களிம்பு முன்னிலும் விரைந்து ஏறும். பேக்கலைட்டில் மயிரிழை போன்ற வெடிப்புக் காணப்பட்டால், அச்சுவிட்சை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். வண்டியில் வைத்தல் ஆகாது.

நல்ல சுவிட்சாயினும் அதன் தோளில் முழுச் சுமையையும் ஏற்றவேண்டியதில்லை. இங்கேதான் ரிலே என்னும் சிறு கருவி உதவுகிறது. பண்டைக்காலத்தில் நெடுந்தொலைவு செல்லும் தூதுவர், களைத்த குதிரையை விட்டு வழியில் நிற்கும் புதுக்குதிரையின்மேல் ஏறிச் செல்வர். அவ்வாறு மாற்றிக்கொள்ளும் குதிரைகளுக்கே ஆங்கிலத்தில் ரிலே என்று பெயர் இருந்தது. தந்தி தோன்றிய காலத்தில், நெடுந்தூரம் வந்து மெலிந்த மின்னோட்டம் புதிய பாட்டரி ஒன்றை இயக்கும்படி அமைத்த கருவிக்கும் அப்பெயரையே சூட்டினர். காரில் உள்ள ரிலேயும் அதே வேலையைச் செய்கிறது. அதன் உள்ளே ஒரு கம்பிச் சுருளும், அருகே ஓர் இரும்புத் தகடும் உண்டு. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தவுடன் அது காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. தகடு பெரிய முனைகளைச் சேர்க்கிறது. சுருளுக்கு வேண்டியது 0.2 ஆம்பியர் அளவே. முன்னே கூறிய அதே சுவிட்சின் வழியே 10 ஆம்பியருக்குப் பதிலாக 0.2 ஆம்பியர் சென்றால், அங்கே தோன்றும் வெப்பம் ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய சுவிட்சு தன் ஒலியோடும் ஒளியோடும் டாஷ்போர்டில் வீற்றிருக்கும். பாரத்தை மறைவில் இருக்கும் ரிலே சுமக்கும். முதியவர் கட்டளை இட, இளையவர் மூட்டை தூக்குவது போன்றது இது.

இனி, கிட் கார்களில் மிகுதியாகக் காணும் பிழை ஒன்று உண்டு. மின்னோட்டம் பாட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. பாட்டரிக்குத் திரும்பிவர வழியும் வேண்டும். இரும்பால் ஆன சாதாரணக் காரில் வண்டியின் உடலே அந்தத் திரும்பு வழி. விளக்கின் ஒரு முனையில் கம்பி கட்டி, மறுமுனையை உடலில் தொடுத்துவிட்டால் போதும். இதனையே எர்த் என்று தொழிலாளர் கூறுவர். ஆனால், கிட் கார்கள் பலவற்றின் மேலுடல் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்தது. அதன் வழியே மின்சாரம் செல்லாது. பழைய காரில் கண்ட பழக்கத்தால் எர்த் கம்பியை மறந்தவர், எல்லாவற்றையும் பூட்டி முடித்துச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிவதில்லை. அப்படி முற்றும் எரியாமல் இருப்பதுகூட நல்லதே. பிழை உடனே வெளிப்பட்டுவிடும். ஒரு மெல்லிய கம்பியோ துருப்பிடித்த ஆணியோ அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் தீங்கு. அப்போது மின்னோட்டம் திரும்பிவர வேறு சந்துகளைத் தேடும். திரும்பும் திசையைக் காட்டும் விளக்கைப் போட்டால் பிரேக்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும். முன்விளக்கை ஏற்றினால் வைப்பர் தளரும். பார்ப்பவர் சுவிட்சைப் பழிப்பார், மோட்டாரைப் பழிப்பார், குற்றமோ ஓர் எர்த் ஆணியில் இருக்கும்.

பழைய ஆங்கிலக் கார்களின் மின்சாமான்களைப் பெரும்பாலும் செய்தது பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் நிறுவனம். அந்நிறுவனத்தை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வது காரோட்டிகளின் பழக்கம். அக்கேலியில் உண்மை சிறிதும் இல்லை என்று கூறமுடியாது. எனினும், துருவேறிய ஆணியின் பழியையும் சேர்த்து அது சுமந்தது என்பதே நியாயம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியே கருப்புக் கம்பி ஒன்றை இட்டு, அவற்றையெல்லாம் சட்டத்தில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஓரிடத்தில் சேர்த்து முறுக்கிவிட்டால், இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கருப்பு என்று கூறுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலக் கார்களில் எர்த்துக்குக் கருப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவதற்குப் பழுப்பு, சாவி திருப்பியபின் மின்சாரம் வருவதற்கு வெள்ளை, அதுவே பியூஸைக் கடந்து வந்தால் பச்சை என்று நிற வழக்கு இருந்தது. அவ்வழக்கைப் பின்பற்றியவர், பத்து ஆண்டு கழித்து இருட்டில் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கும்போது தம்மைத்தாமே வாழ்த்திக்கொள்வர்.

சுவிட்சும் எர்த்தும் செம்மையானபின் வைப்பரைப் பூட்டலாம். முன்கண்ணாடியைத் துடைக்கவேண்டும் என்னும் எண்ணம் இயல்பாகத் தோன்றியதெனினும், அதற்கு உருவம் கொடுத்தவர்களுள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்பார் நியூயார்க்கு நகரத்தில் டிராம் வண்டியில் சென்றபோது, பனிமழை படிந்த கண்ணாடியின் வழியே பார்க்க முடியாமல் ஓட்டுநர் இடர்ப்படுவதைக் கண்டார். உள்ளிருந்து ஒரு கைப்பிடியை அசைத்தால் வெளியே ரப்பர்க் கோல் ஒன்று கண்ணாடியை வழிக்கும்படி ஓர் அமைப்பை வகுத்து, 1903-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாளில் காப்புரிமை பெற்றார். அதனால் அவர் பொருள் ஈட்டவில்லை. நிறுவனம் ஒன்று அதற்கு வணிக மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது.

பிறகு, எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஆற்றலைக்கொண்டு வைப்பரை ஆட்டினர். அதில் ஒரு விபரீதம் இருந்தது. மேட்டில் ஏறும்போதும், மற்றொரு வண்டியை முந்த விரையும்போதும் உறிஞ்சும் ஆற்றல் குறைந்துவிடும். வைப்பர் அயர்ந்து நின்றுவிடும். பார்வை மிகவும் வேண்டிய வேளையில் அது கைவிட்டது. ஆகவே மின்மோட்டார் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கிட் கார் பூட்டுபவர் பெரும்பாலும் விரும்புவது, மினி முதலிய ஆங்கிலக் கார்களில் இருந்த லூகாஸ் வைப்பர் அமைப்பை. அதில் மோட்டாரைக் கண்ணாடிக்கு அருகிலேயே வைக்கவேண்டிய தேவை இல்லை. மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தில் பொருத்திய தண்டு, குழாய்க்குள் இருக்கும் வளையும் கம்பி ஒன்றை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறது. அந்தக் கம்பியின்மேல் மற்றொரு கம்பியைத் திருகுபோல் சுற்றியிருப்பர். அத்திருகு, கோல்களின் அடியிலுள்ள சிறு பல்சக்கரங்களில் பற்றிக்கொண்டு அவற்றை இருபுறமும் திருப்புகிறது. எளிமையும் உறுதியும் உடைய அமைப்பு இது. ஆனால் குழாயைக் கூர்மையாக வளைத்தால் கம்பி உராய்ந்து இறுகும், மோட்டார் திணறும். குழாயைப் பெரிய வளைவாகக் கொண்டுசென்று, கம்பிக்குத் தாராளமாகக் கிரீசு இடவேண்டும்.

துளையிடுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இதுவே. கிட் காரின் கண்ணாடி தாழ்ந்தது, அகலமானது. மினிக்கு ஏற்ற கோல் இதற்கு நீளம். குறுகிய கோல் வைத்தாலோ இடையில் துடைக்காத பகுதி தங்கும். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் கண்ணாடி இவ்வாறே தாழ்ந்து அகன்றிருந்ததால், அதைச் செய்தவர்கள் மூன்று கோல்களை வைத்தனர். காகிதத்தைக் கோல் அளவாக வெட்டிக் கண்ணாடியின்மேல் ஊசலாட்டி, அது வழிக்கும் வில்வடிவத்தை வரைந்து பார்ப்பதே எளிய வழி. ஓட்டுபவர் இருக்கையில் ஒருவர் அமர்ந்து, தம் கண்ணுக்கு நேரே உள்ள பகுதி அவ்வில்லுக்குள் அடங்குகிறதா என்று காணவேண்டும். கோல் எவ்வளவு கோணம் திரும்பும் என்பதை மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரம் முடிவு செய்கிறது. அந்தச் சக்கரத்தில் கோணத்தின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; வேண்டிய கோணத்துக்குரிய சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். கோலின் அச்சு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது. சாய்ந்து நின்றால், கோல் ஒரு பக்கம் அழுந்தும். மறுபக்கம் எழும்பி நீரைத் தொடாமலே செல்லும்.

இதுவரை கூறியதில் பழைய சுவிட்சுக்கும் வைப்பருக்கும் பகை ஏதுமில்லை. பகை தோன்றுவது வைப்பரை நிறுத்தும்போதுதான். மழை விட்டதும் ஓட்டுபவர் சுவிட்சைத் தட்டுகிறார். கோல் அந்நேரத்தில் கண்ணாடியின் நடுவில் இருக்கலாம். அங்கேயே நின்றுவிட்டால் கண்ணுக்கு முன்னே ஒரு தடி நிற்பதாகும். மிகப் பழைய கார்களில் ஓட்டுபவரே கையால் கோலை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். பிற்கால மோட்டார்கள் இவ்வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. மோட்டாருக்குள் மறைவாக இரண்டாவது சுவிட்சு ஒன்று உண்டு. கோல் ஓரத்தில் இல்லாதவரையில் அந்த மறைவுச் சுவிட்சு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் நிறுத்திய பிறகும் மோட்டார் அவ்வழியே மின்சாரம் பெற்றுச் சுழன்று, கோலை ஓரத்துக்குக் கொண்டுவருகிறது. ஓரத்தை அடைந்த கணத்தில் மறைவுச் சுவிட்சு மின்சாரத்தை வெட்டி, மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. சுழலும் மோட்டார் அப்போது டைனமோவாக மாறித் தன் ஓட்டத்தைத் தானே தடுத்துக்கொண்டு சட்டென்று நிற்கிறது. பிரேக்கு இல்லாமலே பிரேக்குப் பிடிக்கும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

இந்த ஏற்பாடு நடைபெற வேண்டுமாயின், டாஷ்போர்டிலுள்ள சுவிட்சு நிறுத்தும் நிலையில் சும்மா இருக்கக்கூடாது; மோட்டாரை மறைவுச் சுவிட்சோடு இணைத்துவிட வேண்டும். 1950-களின் எளிய சுவிட்சுக்கோ இரண்டே ஆணிகள். சேர்க்கவும் பிரிக்கவும் அது அறியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அறியாது. அதை நேரே பொருத்தினால் கோல் நினைத்த இடத்தில் நின்றுவிடும். கிட் கார்களில் கோல் நடுக்கண்ணாடியில் நிற்பதைக் கண்டு மோட்டார் பழுதென்று எண்ணி மாற்றியவர் உண்டு. மாற்றிய மோட்டாரும் அவ்வாறே நிற்கக் கண்டு திகைத்தவரும் உண்டு.

இங்கும் ரிலேயே துணை. ரிலேயில் இருவகை உண்டு. ஒன்று, சேர்த்தல் மட்டும் செய்வது; மற்றொன்று, இருபக்கம் மாறுவது. இருபக்கம் மாறும் ரிலேயின் நடு முனையில் மோட்டார்க் கம்பியைக் கட்டவேண்டும். ஒருபக்க முனைக்குப் பியூஸின் வழியே வரும் மின்சாரம். மறுபக்க முனைக்கு மறைவுச் சுவிட்சிலிருந்து வரும் கம்பி. பழைய சுவிட்சு சுருளை மட்டும் இயக்கும். தட்டினால் தகடு மின்சாரத்தின் பக்கம் சாய்ந்து கோல் ஆடும். மீண்டும் தட்டினால் தகடு மறைவுச் சுவிட்சின் பக்கம் சாய்ந்து கோல் ஓரத்துக்குச் சென்று படுக்கும். இரண்டு ஆணியுள்ள முதிய சுவிட்சு, தான் பிறந்தபோது அறியாத வேலையை இவ்வாறு செய்து முடிக்கிறது.

பியூஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கிலக் கார்களின் கண்ணாடிக்குழாய்ப் பியூஸில் 35 ஆம்பியர் என்று பொறித்திருந்தால், அது உருகிப்போகும் அளவு. இடைவிடாமல் தாங்கும் அளவு அதில் பாதியே. வேறு நாட்டுப் பியூஸ்களில் பொறிப்பது தாங்கும் அளவை. இரண்டும் உருவில் ஒன்றுபோல் இருக்கும். பழையதை எடுத்துவிட்டு அதே எண்ணுள்ள வேறுவகைப் பியூஸை இட்டவர், பாதுகாப்பை இரண்டில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார் என்பதை அறியமாட்டார்.

இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவருமுன் அரசாங்கச் சோதனை ஒன்று உண்டு. 1998-இல் ஒரு முறையிலும், 2009 முதல் வேறொரு முறையிலும் அது நடந்து வருகிறது. முன்கண்ணாடி உள்ள வண்டியில் வைப்பரும், நீர் தெளிக்கும் கருவியும் செம்மையாக வேலை செய்யவேண்டும் என்பதும், விபத்தில் உடலைக் குத்தும்படி சுவிட்சுகள் கூராக நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது என்பதும் அச்சோதனையில் அடங்கும். பித்தளை நெம்புகோலின் அழகு இவ்விடத்தில் சிலருக்கு இடையூறாக முடிவதுண்டு.

ஆனால், சோதனைச் சாலைக்குச் செல்லுமுன் பூட்டியவர் தம் கொட்டகையிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். உலர்ந்த கண்ணாடியின்மேல் வைப்பரை ஓட்டிப் பார்த்தல் தவறு. ரப்பர் பற்றிக்கொண்டு மோட்டாரை வருத்தும். தோட்டத்து நீர்க்குழாயை எடுத்துக் கண்ணாடியின்மேல் நீரை வாரி இறைக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி, முன்விளக்குகளையும் மற்ற விளக்குகளையும் ஏற்றி, பாட்டரி தளரும் அந்த நிலையில் வைப்பரைப் போடவேண்டும். பத்து நிமிடம் ஆடியபின் சுவிட்சையும், ரிலேயையும், எர்த் ஆணியையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சுடும் இடத்தில் தடை இருக்கிறது. பிறகு கோல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் இருக்கும்போது சுவிட்சைத் தட்டி நிறுத்தவேண்டும். பத்து முறை தட்டினால் பத்து முறையும் கோல் ஓரத்தில் சென்று படுக்கிறதா என்று கண்டபின், நீர்க்குழாயை மூடலாம்.